முடிச்சு

சம்மனசின் சிறகுக்குப் பின்னால் தூசி இருக்கிறதென்று
என்னைத் தவிர யாரும் சொல்லவில்லை.
ஏணி வைத்து ஏறினேன்.
சிறகுக்கு ஒன்றும் ஆகவில்லை.
என் வலது மணிக்கட்டு
இரண்டு இடத்தில் முறிந்தது.

சிலோயே தீவில் மழை
வந்துபோகிற விருந்தாளியல்ல,
கூடவே குடியிருப்பவள்.
மரச்செதில் போர்த்திய எங்கள் கோவிலின் சாவி
முப்பத்தோரு வருடமாக என் கழுத்தில்.
கோவில்பிள்ளை எதெல்மிரா என்றால்
அக்கரைப் படகுக்காரனுக்கும் தெரியும்.
எத்தனை சாவு வீட்டில் அடுப்பு மூட்டினாய்,
எத்தனை பேருக்குப் படுக்கைப்புண் துடைத்தாய்
என்று யாராவது கேட்டால்
அதையெல்லாம் யார் எண்ணுவது என்பேன்.
எண்ணித்தான் வைத்திருந்தேன்.
இருநூற்றுப் பதினாறு.

இப்போது கையில் மாவுக்கட்டு.
ரொசால்பா உருளைக்கிழங்கு சூப் கொண்டுவந்தாள்.
சாப்பிட்டாயிற்று என்றேன்.
வயிறு அவள் எதிரிலேயே
என்னைக் காட்டிக்கொடுத்தது.
உபதேசியார் நிபால்தோ
விறகு பிளந்து தரட்டுமா என்றார்.
கதவைத் திறக்காமலே
நிறைய இருக்கிறது என்றேன்.
அன்று ராத்திரி
முக்காலியின் ஒரு காலை அடுப்பில் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை.
ஒரு கையால் சட்டை மாட்டலாம், தலை சீவலாம்.
ஷூவின் கயிறு மட்டும் கட்டவே முடியாது.
முனைகளை உள்ளே செருகிக்கொண்டு போனேன்.
சேறு அவற்றை வெளியே இழுத்துப்போட்டது.

கோவில் வாசலில் எலிசேயோ நின்றிருந்தான்.
சிப்பிப் பண்ணையில் வேலை செய்பவனின் மகன்,
ஆறு வயது, முன்பல் இரண்டு இல்லை.
முடிச்சுப் போடக் கற்று மூன்று நாள்தான்.
அதற்குள் நாற்காலியை நாற்காலியோடும்
ஆட்டுக்குட்டியை வேலியோடும்
தூங்கும் அப்பாவைக் கட்டிலோடும் கட்டிவிட்டான்.
என் காலைப் பார்த்தான்.
முகத்தைப் பார்க்கவில்லை.
தேங்கிய தண்ணீரில் முழங்கால் வைத்து உட்கார்ந்தான்.

வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டேன்.
அந்த இரவில், பாத்திரத்தின் முன்னால்
மீன்பிடிக்காரன் ஒருவன் இழுத்துக்கொண்டானே,
அதே வேகம்.
பெரிய வியாழன்தோறும் அந்த வாசகம் கேட்கிறேன்.
என்ன முட்டாள் மனுஷன் என்று
வருடம் தவறாமல் நினைத்திருக்கிறேன்.

"ஆடாதீங்க" என்றான்.
"இது படகு.
இது கயிறு.
படகைச் சுத்தி ஒரு தடவை.
இல்ல, அந்தப் பக்கம்."
பல் போன இடைவெளியில் நாக்கு நுனி.
நனைந்த உச்சந்தலை, அதில் இரட்டைச் சுழி,
புகை வாசம்.

முப்பத்தோரு வருடம்
எல்லாரும் என் உச்சந்தலையைத்தான் பார்த்தார்கள்,
நான் குனிந்து கழுவும்போது, துடைக்கும்போது.
மேலே இருந்து பார்ப்பவருக்கு
அது எப்படி இருக்கும் என்று
யாரையும் கேட்டதில்லை.
தொண்டையில் ஏதோ அடைத்தது.
மணி அடித்ததால்
நல்லவேளை, யாரும் கவனிக்கவில்லை.

நன்றி சொல்ல வாயெடுத்தேன்.
அவன் அதற்குள் அடுத்த காலைத் தேடிப் போய்விட்டான்.
நிபால்தோ போட்டிருந்தது ரப்பர் பூட்ஸ்.
கயிறே இல்லை.
அவ்வளவு பெரிய ஏமாற்றத்தை
நான் சமீபத்தில் பார்த்ததில்லை.

பூசை முழுக்க வலது பாதம் மரத்துக் கிடந்தது.
இடது முடிச்சில் கூடவே கொஞ்சம் புல்.
ஆண்டவரே என்று ஆரம்பித்தேன்,
அதற்கு மேல் வரவில்லை.
இருநூற்றுப் பதினாறுக்குப் பிறகு
என்ன எண் வரும் என்றும்
ஞாபகம் வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் அவிழ்க்க முடியவில்லை.
ஒரு கையால் இழுத்தேன், பல்லுக்கு எட்டவில்லை,
கத்தி எடுத்தேன்.
வைத்துவிட்டேன்.

பிறகு கதவைத் திறந்து
மழைக்கு மேலே குரல் எடுத்துக் கூப்பிட்டேன்:
ரொசால்பா,
கொஞ்சம் வந்துவிட்டுப் போ.
ஷூ கழற்ற வேண்டும், என்னால் ஆகவில்லை.
வரும்போது
அந்தச் சூப் மிச்சம் இருந்தால்.